பழைய லப்டொப்பில கிட் சேர்வர்: ஆரிட்ட எந்தத் திறப்பு?

வணக்கம் எல்லாருக்கும். சத்தம் கேக்குதோ? பின்னால ஓடுறது பக்கத்து வயல்காரற்ற வோட்டர் பம்ப். நிப்பாட்டச் சொல்லேலாது, பயிர் காயுது. இப்பிடியே கதைப்பம்.

இஞ்ச கிளிநொச்சியில நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு அரிசி ஆலைக்குக் கணக்குப் பாக்கிற சொப்ட்வெயர் எழுதிறம். கோட் முழுக்க இந்தா, இந்த மூலையில கிடக்கிற ஸ்கிரீன் உடைஞ்ச லப்டொப்பில, கிட்டில. கிட் எண்டா கோட்டில செய்யிற ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிச்சு வைக்கிற சொப்ட்வெயர். கரண்ட் போனாலும் பற்றரி ஒரு மணித்தியாலம் தாங்கும். டேட்டா முடிஞ்சாலும் பரவாயில்லை, வீட்டு வைஃபைக்குள்ள இருந்து புஷ் பண்ணலாம், அதாவது செய்த வேலையைச் சேர்வருக்கு அனுப்பலாம்.

முதல் நான் பாத்த விசர் வேலையைச் சொல்லுறன். 'கிட்' எண்டு ஒரு யூசரை உண்டாக்கி, அதின்ர பாஸ்வேர்ட்டை நாலு பேருக்கும் குடுத்துட்டன். ஒருநாள் எங்கட தம்பி ஒருத்தன், புஷ் ரிஜெக்ட் ஆகுதெண்டு ஃபோர்ஸ் போட்டு, அதாவது சேர்வரில கிடக்கிறதுக்கு மேல வலுக்கட்டாயமா எழுதச் சொல்லி, அனுப்பிட்டான். மற்ற ஆக்கள் ஒரு கிழமையாச் செய்த வேலை மாஸ்டரில, எங்கட பிரதான கோட்டில, இல்ல! நல்லகாலம், இன்னொரு பெடியன்ர மெஷினில பழைய கொமிற், அதாவது சேமிச்ச மாற்றங்கள், எல்லாம் கிடந்தது. சேர்வரில பாத்து ஆர் செய்தது எண்டு பிடிக்கவும் வழியில்ல. கொமிற்றில பேர் இருக்குமே எண்டு நினைப்பியள். அந்தப் பேரை அவரவர் கொன்ஃபிக்கில தாங்களே எழுதிறது; என்ர பேரை நீங்களும் போடலாம்.

குளத்துத் துருசை, அந்தத் தண்ணி திறந்துவிடுற கதவை, வயல்காரர் எல்லாரும் தங்கட பாட்டில திறந்தா எப்பிடி இருக்கும்? அதுதான் நடந்தது.

இப்ப கிட்டோலைட் போட்டிருக்கிறன், கிட் சேர்வரில ஆர் என்ன செய்யலாம் எண்டு கட்டுப்படுத்திற சொப்ட்வெயர். வெப் பக்கம் வேணுமெண்டா கிட்டீ, ஃபோர்ஜோ இருக்கு, அதுகளும் நல்லது. நாலு பேருக்கு எனக்கு இது காணும்.

இதில எல்லாரும் அதே 'கிட்' யூசராத்தான் வருவினம், ஆனா பாஸ்வேர்ட் இல்ல, ஆளுக்கொரு எஸ்எஸ்எச் திறப்பு. எஸ்எஸ்எச் எண்டா வேற மெஷினுக்குள்ள பாதுகாப்பா நுழையிற வழி; திறப்பு எண்டது பாஸ்வேர்ட்டுக்குப் பதிலா ஆளை அடையாளம் காட்டிற ஃபைல். கிட்ட வாறன், சேர்வரில எந்தத் திறப்புகளை உள்ள விடலாம் எண்டு கிடக்கிற இந்த ஆதரைஸ்ட் கீஸ் ஃபைலைப் பாருங்கோ. ஒவ்வொரு திறப்புக்கும் முன்னால 'கொமாண்ட்' எண்டு ஒரு துண்டு, அதுக்குள்ள கிட்டோலைட்-ஷெல், பக்கத்தில ஆளின்ர பேர். அந்தத் திறப்போட வந்தா வேற ஒண்டும் ஓடாது, அந்தப் புறோகிராம் மட்டும்தான். ஆள் ஆரெண்டு அதுக்கு அப்பவே தெரியும். கொமிற்றில என்ன பேர் கிடந்தாலும் சேர்வர் லொக்கில திறப்புக்குரிய பேர்தான் விழும்.

ஆருக்கு என்ன அனுமதி எண்டதும் ஒரு கிட் ரெப்போவுக்குள்ளதான் (ரெப்போ எண்டா ஃபைல்களும் அதுகளின்ர மாற்றங்களும் கிடக்கிற களஞ்சியம்), அதின்ர பேர் கிட்டோலைட்-அட்மின். ஆளின்ர பேருக்கு 'R' எண்ட எழுத்துப் போட்டா வாசிக்க மட்டும். 'RW' எண்டா புஷ் பண்ணலாம், பழசை அழிக்கேலாது. பிளஸ் சேர்ந்தா ஃபோர்ஸும் போகும். அந்த பிளஸ் இப்ப என்னட்ட மட்டும். தம்பிக்குக் கோவம்தான், என்ன செய்யிறது.

ஒரு இடத்தில ரெண்டு நாள் மினக்கெட்டனான். சும்மா லொகின் பண்ண என்ர திறப்பை முந்தியே அந்த ஃபைலில போட்டு வச்சிருந்தன். பிறகு அதே திறப்பைக் கிட்டோலைட்டுக்கும் குடுத்திட்டன். எஸ்எஸ்எச் மேல இருந்து பாத்து முதல் பொருந்திற வரியை எடுக்கும். அதால நான் கிட்டோலைட்டைத் தாண்டி நேர ஷெல்லுக்குள்ள, சேர்வரில கட்டளை அடிக்கிற இடத்துக்குள்ள, போறன், குளோன் பண்ணினா, அதாவது ரெப்போவை என்ர மெஷினுக்கு இறக்கினா, 'இது கிட் ரெப்போ இல்ல' எண்டு சொல்லுது. லொகினுக்கு வேற திறப்பு வச்சிருங்கோ. அந்த ஃபைலைக் கையால நோண்டவும் வேண்டாம்.

இன்னொண்டு, இன்ஸ்டோல் பண்ணேக்க 'டெஸ்டிங்' எண்டு ஒரு ரெப்போ தானா வரும். அதில எல்லாருக்கும் பிளஸ் குடுத்துத்தான் கிடக்கும். தூக்கிருங்கோ.

எங்களோட இருந்த ஒருத்தர் போன மாசம் கொழும்புக்கு வேலைக்குப் போட்டார். கிட்டோலைட்-அட்மினுக்குள்ள இருக்கிற கீடிர் ஃபோல்டரில அவற்ற திறப்புக்குரிய பப் ஃபைலை அழிச்சு ஒரு புஷ், அவ்வளவுதான். முந்தி எண்டா பாஸ்வேர்ட் மாத்தி மூண்டு பேருக்கும் போன் அடிக்கவேணும். நீங்களும் செட் பண்ணி முடிய, ஒவ்வொருத்தரையும் தங்கட மெஷினில இருந்து எஸ்எஸ்எச்சில 'இன்ஃபோ' அடிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ. தங்களுக்கு எந்த ரெப்போவில என்ன அனுமதி எண்டு வரிவரியா வரும்.