ஒரு ஷெட்டுக்கு 200 கோடியா? வாங்க, சதுர அடிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஊர் சுற்றல் இல்லை, கடைத்தெரு இல்லை, ஒரே ஒரு கட்டடம்தான். போன வீடியோவில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கிற ஏதென்ஸ் ஊருக்குப் போய் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் சான்ஃபர்டு ஸ்டேடியத்தைக் காட்டினேன் இல்லையா, கடைசியில் போகிற போக்கில் அவர்களின் விளையாட்டுத் துறை அலுவலகமான பட்ஸ்-மெர் கட்டடத்தை ஒட்டி நிற்கிற அந்தப் பெரிய கொட்டகையையும் காட்டி, இது ஃபுட்பால் டீம் கூரைக்குக் கீழே பிராக்டிஸ் செய்யும் இடம், 30.2 மில்லியன் டாலர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதற்கு வந்த கமெண்ட்டுகளைப் பார்க்கணுமே. "ஒரு ஷெட்டுக்கு 200 கோடியா", "90 ஆயிரத்துக்கும் மேல் உட்காரும் ஸ்டேடியம் பக்கத்திலேயே இருக்கே, அப்புறம் இது எதுக்கு", "பணக்காரத் திமிர்". எனக்குக் கோபமே வந்துவிட்டது. வேறு எதில் பணம் வீணாகிறது என்று கேளுங்கள், நானே பட்டியல் போட்டுத் தருகிறேன். ஆனால் இந்தக் கூரை வீண் இல்லை.

வீடு தேடிய காலத்து வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சதுர அடிக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்க்காமல் எந்தக் கட்டடத்தையும் நான் விடமாட்டேன். இதையும் விடவில்லை. பேனா பேப்பர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கன் ஃபுட்பால் மைதானம், இரண்டு முனையிலும் பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுக்கும் எண்ட் ஸோனும் சேர்த்து, 360 அடி நீளம், 160 அடி அகலம். பெருக்கினால் 57,600 சதுர அடி. இதை நம்ம சென்னை கிரவுண்ட் கணக்கில், அதாவது 2,400 சதுர அடியால் வகுத்துப் பாருங்கள். 24! மிச்சம் இல்லாமல், சுத்தமாக 24 கிரவுண்ட் மனை. இந்த விடை வந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது, கேல்குலேட்டரில் திரும்பவும் போட்டுப் பார்த்தேன், வீட்டில் இருப்பவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். இங்கே யார்டில் அளந்து போட்ட மைதானம் தி.நகர் புரோக்கர் கணக்கில் பைசா பிசகாமல் உட்காருகிறது என்றால் சும்மாவா.

சரி, அது வெறும் கோட்டுக்குள் இருக்கிற இடம். ஏதென்ஸ் கட்டடம் மொத்தம் 102,000 சதுர அடி, நாற்பத்திரண்டரை கிரவுண்ட். மீதி எதுக்கு என்று கேட்பீர்கள். பந்தைப் பிடிக்கிறவன் முழு வேகத்தில் கோட்டைத் தாண்டி ஓடி வருவான், அவன் நிற்க இடம் வேண்டும், பக்கவாட்டில் மற்ற ஆட்டக்காரர்களும் கோச்சுகளும் நிற்க இடம் வேண்டும். 30.2 மில்லியனை 102,000-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 296 டாலர். மிச்சிகன் பல்கலைக்கழகம் 2009-ல் திறந்த ஆல் கிளிக் ஃபீல்டு ஹவுஸ் 104,000 சதுர அடி, 26.1 மில்லியன், அதாவது சதுர அடிக்கு 251. எட்டு வருஷ இடைவெளிக்கு இந்த வித்தியாசம் ஒன்றும் அநியாயம் இல்லை. அட, ஜார்ஜியாவில் எப்போது திறந்தார்கள் என்று சொல்லவே இல்லையே, 2017. அன்றைய ரூபாய் மதிப்பில் 200 கோடி சுமாருக்கு வரும், கமெண்ட் போட்டவர் அந்தக் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

விலை ஏறுவது தரையில் இல்லை மக்களே, தூண் இல்லாததில். கல்யாண மண்டபத்தில் நடுவே தூண் இருந்தால் பின்னால் உட்கார்ந்தவருக்கு மேடை தெரியாது, அவ்வளவுதான். இங்கே நடுவில் ஒரு தூண் நின்றால் நூறு கிலோ ஆள் தலை தெறிக்க ஓடி வந்து அதில் மோதுவான். அதனால் 160 அடி மைதானத்தையும் இரண்டு ஓர இடத்தையும் ஒரே தாவலாகத் தாண்டும் இரும்புச் சட்டங்கள் வேண்டும், அதையும் வானளாவத் தூக்கி நிறுத்த வேண்டும்.

எவ்வளவு உயரம்? இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பன்ட் என்று ஒன்று இருக்கிறது, பந்தைக் கையிலிருந்து விட்டு ஓங்கி உதைத்து எதிரணிப் பக்கம் தள்ளிவிடுவது. நல்ல பன்டர் உதைத்தால் பந்து நாலரை நொடி காற்றில் நிற்கும். ஏற பாதி, இறங்க பாதி. பிளஸ் ஒன் பிசிக்ஸை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள், இரண்டேகால் நொடி விழுகிற பொருள் விழும் தூரம் சுமார் 25 மீட்டர், 80 அடிக்குக் கொஞ்சம் மேலே. நாலு நொடி நின்றாலே 64 அடி. ஆக 65 அடியில் கூரை போட்டால் சுமாரான பன்டர் தப்பிப்பான், நல்ல பன்டர் உதைப்பது கூரையில் இடிக்கும். டீமில் யார் கெட்டிக்காரனோ அவனுக்கு மட்டும் உதவாத கூரை எதுக்கு, சொல்லுங்கள். கம்மி உயரத்தில் கட்டி மிச்சம் பிடிப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. 2009 ஆகஸ்டில் டல்லஸ் கவ்பாய்ஸ் என்ற தொழில்முறை அணியின் புது ஸ்டேடியத்தில் 90 அடி உயரத்தில் தொங்கிய ராட்சதத் திரையிலேயே டென்னசி டைட்டன்ஸ் பன்டர் அடித்த பந்து போய் மோதியது, திரும்ப ஆட வைத்தார்கள். அது கோடி கோடியாகக் கொட்டிக் கட்டிய ஸ்டேடியம்.

இப்போது "ஸ்டேடியம்தான் இருக்கே" கேள்விக்கு வருகிறேன். சான்ஃபர்டு ஸ்டேடியத்துக்குக் கூரை கிடையாது, தரை நிஜப் புல். தினமும் நூறு பேர் ஆணி வைத்த ஷூவோடு மிதித்தால் சனிக்கிழமை மேட்ச்சுக்குப் புல் இருக்காது, சேறுதான் இருக்கும். அப்புறம் இடி. ஜார்ஜியாவில் கோடைச் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று என் பால்கனி வீடியோக்களில் பார்த்திருக்கிறீர்கள். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ சொல்கிற பாதுகாப்பு வழக்கம், பக்கத்தில் மின்னல் வெட்டினால் எல்லோரும் உள்ளே போக வேண்டும், கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். இருபத்தொன்பதாவது நிமிடத்தில் இன்னொன்று வெட்டினால் திரும்ப முதலிலிருந்து 30. சீசன் ஓடும்போது பயிற்சிக்கென்று வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி, நாளுக்கு நாலு. சாயங்கால வகுப்பு வேறு இருக்கிற பசங்கள் அவர்கள். ஜார்ஜியா ஆடும் எஸ்இசி என்ற தென்கிழக்குக் கல்லூரிகளின் பிரிவில் இந்தக் கூரையைக் கடைசியாகப் போட்டவர்களில் ஜார்ஜியாவும் ஒன்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2010 அக்டோபரில் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் பலத்த காற்றில் வெளியே பிராக்டிஸ் நடந்தது. உயரத் தூக்கும் லிஃப்டில் நின்று அதைப் படம் பிடித்த ஒரு மாணவர், லிஃப்ட் சாய்ந்து இறந்துபோனார். படம் எடுக்க ஏறிய பிள்ளை. கூரைக்கு உள்ளே கேமராவுக்கென்று நிலையான மேடை கட்டி வைத்தால் அதையும் ஆடம்பரம் என்பீர்களா?

அதற்காக மலிவாக ஒரு கூடாரம் போட்டால் போதாதா என்று கேட்டீர்கள். டல்லஸ் பக்கம் இர்விங்கில் கவ்பாய்ஸ் அப்படித்தான் வைத்திருந்தார்கள், இரும்புச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. 2009 மே மாதம் புயல் காற்றில் அப்படியே சரிந்தது, 12 பேருக்குக் காயம், ஒருவருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. பிறகு அரசு ஆய்வாளர்கள் பார்த்ததில், அப்போது அடித்த காற்று மணிக்கு 55 முதல் 65 மைல்தான், அந்த மாதிரிக் கட்டடம் தாங்கியிருக்க வேண்டிய காற்று 90. மிச்சம் பிடிக்கிற இடமா இது?

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். கிளெம்சன் பல்கலைக்கழகம் 2017-ல் 55 மில்லியனுக்கு ஒரு ஃபுட்பால் காம்ப்ளெக்ஸ் திறந்தது, உள்ளே சறுக்கு மரம், பவுலிங், மினி கோல்ஃப். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2018-ல் மிச்சிகன் ஏரிக் கரையில் திறந்தது மொத்தம் 270 மில்லியன், ஏரியைப் பார்த்தபடி கண்ணாடிச் சுவர். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டக்காரனுக்குச் சம்பளம் தரக்கூடாது என்று விதி வைத்துக்கொண்டு, அந்தப் பணத்தில் சறுக்கு மரம் கட்டி, "எங்க காலேஜுக்கு வா" என்று பதினேழு வயதுப் பையனைக் கூப்பிட்டார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆகாது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு, கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கே நேராகப் பணம் கொடுக்கலாம், முதல் வருஷமான 2025-26-க்கு ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு 20.5 மில்லியன். நல்ல விஷயம், எப்போதோ வந்திருக்க வேண்டியது.

ஆ, பெயரை விட்டுவிட்டேன். ஏதென்ஸ் கட்டடத்துக்கு பெய்ன் குடும்பத்து அப்பா, மகன் இருவர் பெயரும் இருக்கிறது, இருவருமே ஜார்ஜியாவுக்கு ஆடியவர்கள். மகன் பில்லி பெய்ன்தான் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை முன்னால் நின்று நடத்தியவர்.

கொலம்பஸ், ஆன் ஆர்பர், ஆஸ்டின் பக்கம் இருக்கிறவர்கள், உங்கள் கல்லூரிக் கூரை எத்தனை அடி உயரம் என்று கீழே எழுதுங்கள். பன்ட் இடிக்குமா இடிக்காதா என்று அடுத்த வீடியோவில் ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.