ஒன்றுக்குப் பூஜ்யம்

நேயர்களுக்கு வணக்கம். பிரேசில் கால்பந்து என்றாலே உலகக் கோப்பைகள்தான் பேச்சில் வரும். எனக்கு முதலில் காதில் விழுவது பாட்டு.

1919 மே 29, ரியோ டி ஜெனீரோ. தென் அமெரிக்கப் போட்டியின் முடிவாட்டத்தில் எதிரணி உருகுவே. தொண்ணூறு நிமிடத்தில் கோல் இல்லை. கூடுதல் நேரத்திலும் இல்லை. மறுபடி கூடுதல் நேரம் கொடுத்த பிறகுதான் பிரேசிலின் ஆர்தூர் ஃபிரீடன்ரைக் பந்தை வலைக்குள் தள்ளினார். தந்தை ஜெர்மானிய வம்சாவளி, தாய் கறுப்பினப் பெண். அடிமை முறை ஒழிந்து 31 ஆண்டுகளே ஆன நாட்டில், அவர் போட்டிருந்த பூட்ஸை நகைக்கடையில் பார்வைக்கு வைத்தார்கள்!

அந்த வெற்றிக்குப் பிரேசில் இசைக்கலைஞர் பிஷிங்கின்யா அமைத்த இசைக்குப் பெயரே 'ஒன்றுக்குப் பூஜ்யம்' என்பதுதான். 1946 இசைத்தட்டைக் கேட்டுப் பாருங்கள். பாடல் வரியே கிடையாது. புல்லாங்குழல் முன்னால் ஓடுகிறது, அவர் வாசிக்கும் சாக்ஸபோன் கீழேயிருந்து குறுக்கே வெட்டுகிறது. ஆட்டத்தைப் பார்க்காதவனுக்கும் கால் துடிக்கும்.

1950இல் சொந்த மண்ணில் உலகக் கோப்பை. வெற்றிப் பாட்டை முன்கூட்டியே தயாராக வைத்திருந்தார்கள். உருகுவே 2–1 என்று ஜெயித்துவிட்டது. பாட்டு ஒலிக்கவே இல்லை. வானொலியில் அந்தத் தோல்வியைக் கேட்டு அழுத அப்பாவிடம், கோப்பையை நான் வாங்கித் தருகிறேன் என்றான் ஒன்பது வயதுப் பையன். அவன்தான் பெலே. பதினேழு வயதில் சொன்னதைச் செய்தான்.

சரி, அங்கே தங்கள் கால்பந்துக் கிளப்புக்காகச் சின்னப் பிள்ளைகளும் பாடுகிற பாட்டுக்கு வருவோம். அதையும் தந்தது வானொலிதான். திருவிழாப் பாட்டுகளுக்குப் பேர்போன லமார்த்தீன் பாபு, 1940களில் ஒரு வானொலி நிகழ்ச்சிக்காக ரியோ கிளப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் பாட்டு எழுதினார். கிளப்புகளுக்கு ஏற்கெனவே அதிகாரபூர்வப் பாடல்கள் இருந்தன. ஆனால் ஜனங்கள் வாயில் நின்றவை இவருடையவைதான். அர்த்தம் புரியும் வயதுக்கு முன்பே, மைதானத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் பாட்டு இது. அறுபது வயதில் பாடும்போதும் அந்தத் தோள் நினைவுக்கு வராமல் இருக்குமா?

லமார்த்தீன், 'அமெரிக்கா' என்ற கிளப்பின் ரசிகர். ஃபிளமெங்கோ, ஃபுளுமினென்சி, வாஸ்கோ போன்ற எதிரணிகளுக்கும் அவர் குறை வைக்கவில்லை. ஆனாலும் எல்லாவற்றிலும் அழகானது அமெரிக்காவின் பாட்டே என்று மற்ற அணி ரசிகர்களும் சொல்வதுண்டு. என் ஓட்டும் அதற்குத்தான்.