ஜப்பானில் மியூசியம் எத்தனை?

அனைவருக்கும் வணக்கம். தலைப்பைக் கேட்டதும், இதற்கு ஒரு உரை எதற்கு, ஒரு எண்ணைச் சொன்னால் போதாதா என்று உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கும். சரி, சொல்லிவிடுகிறேன். 5,771. அல்லது 1,306. அல்லது 911. மூன்றுமே அரசாங்க எண்கள்தான். மூன்றும் ஒரே ஆண்டுக் கணக்கு, 2021.

ஜப்பானியக் கல்வி அமைச்சகம் ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒரு முறை நூலகங்களையும் அருங்காட்சியகங்களையும் ஊர்ப் பொதுக்கூடங்களையும் சேர்த்து எண்ணுகிறது. அந்தக் கணக்கில் அருங்காட்சியகங்களுக்கு மூன்று படிகள். மேல்படியில் 'பதிவு பெற்றவை', 911. அடுத்த படியில் 'அருங்காட்சியகத்துக்கு இணையானவை', 395. இரண்டும் சேர்ந்ததுதான் 1,306. சட்டத்தின் கண்ணில் படுவது இவ்வளவுதான். மிச்சம் 4,465 'அருங்காட்சியகம் போன்றவை'. அதாவது, மியூசியம் என்று போர்டு மாட்டியவற்றில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல், சட்டப்படி மியூசியம் 'மாதிரி' மட்டுமே. போர்டு மாட்ட அங்கே யாருக்கும் தடை இல்லை.

இப்போது ஒரு கேள்வி. டோக்கியோவில் ஊவெனோ பூங்காவில் இருக்கிறதே தேசிய அருங்காட்சியகம், அது எந்தப் படியில் இருக்கும்? 1872இல் யுஷிமாவில் நடந்த கண்காட்சியில் பிறந்தது அது, நாட்டிலேயே பழமையானது. லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அங்கே இருக்கின்றன. முதல் படி என்றுதானே சொல்வீர்கள்? இல்லை. அந்த 911இல் அது இல்லை.

காரணம் 1951இல் வந்த அருங்காட்சியகச் சட்டம். போர் முடிந்து ஆறு ஆண்டு. ஊர்ப்புறத்து மியூசியங்களும் தனியார் சேகரிப்புகளும் பணமில்லாமல் தள்ளாடிய காலம். தேசிய அருங்காட்சியகங்களுக்கு முந்தைய ஆண்டே வந்த பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஆகவே இந்தச் சட்டம் மற்றவர்களைக் கைதூக்கிவிட எழுதப்பட்டது. பதிவு செய்துகொண்டால் என்ன கிடைக்கும்? தனியார் நடத்துவதாக இருந்தால் சொத்து வரி விலக்கு. இன்னொன்றும் இருந்தது: காட்சிப் பொருள்களை அரசு ரயிலில் அனுப்பினால் கட்டணச் சலுகை! அதற்கென்றே சட்டத்தில் ஒரு பிரிவு. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த பிரிவு அதுதான், பின்னால் நீக்கிவிட்டார்கள். வரையறை என்றால் அறிஞர்கள் உட்கார்ந்து தத்துவம் பேசி எழுதியது என்று நினைக்கிறோம். இங்கே வரையறையின் வேலை, சலுகை யாருக்கு என்று கோடு கிழிப்பது.

கோடு எங்கே விழுந்தது என்று பாருங்கள். பொருள்கள் வேண்டும், கட்டடமும் நிலமும் வேண்டும், தகுதிச் சான்று பெற்ற காப்பாட்சியர் வேண்டும், ஆண்டுக்கு 150 நாளாவது திறந்திருக்க வேண்டும். இதெல்லாம் நியாயம்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வாசற்படி: நடத்துபவர் யார்? உள்ளாட்சி நடத்தலாம், பொதுநல அமைப்புகள் நடத்தலாம், கோயில் போன்ற சமய அமைப்புகள் நடத்தலாம். மத்திய அரசுக்கு இடமில்லை, 2023 வரை கம்பெனிக்கும் இடமில்லாமல் இருந்தது. ஒரு கம்பெனி எத்தனை சிறப்பான மீன் காட்சியகம் நடத்தினாலும் பதிவு கிடைக்கவில்லை. உள்ளாட்சியிலும் ஒரு சிக்கல். 2019 வரை மியூசியம் கல்வி வாரியத்தின் கீழ் இருக்க வேண்டியிருந்தது. மேயர் அதைத் தன் பண்பாட்டுப் பிரிவுக்கு மாற்றிக்கொண்டால், அதே கட்டடம், அதே ஓவியங்கள், அதே காப்பாட்சியர், ஆனால் பதிவுக்குத் தகுதி போச்சு. வெளியே நிற்பவர்களுக்காகத்தான் 1955இல் 'இணையானவை' என்ற படி வந்தது. அதற்கு 100 நாள் திறந்திருந்தால் போதும். டோக்கியோ தேசிய அருங்காட்சியகம் உட்கார்ந்திருப்பது இந்த இரண்டாம் படியில்.

மீன் காட்சியகம் எப்படி மியூசியக் கணக்கில் வந்தது என்று யோசிக்கிறீர்களா? சட்டம் பொருள்களைச் 'சேமித்து வைத்தல்' என்று சொல்லும் இடத்திலேயே 'வளர்த்தலும் அடங்கும்' என்று சேர்த்துக்கொண்டது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மிருகக்காட்சிசாலை, தாவரவியல் பூங்கா எல்லாம் உள்ளே வந்துவிட்டன. நமக்கு இது புதிதில்லை. சென்னையில் மியூசியத்துக்குச் 'செத்த காலேஜ்', மிருகக்காட்சிசாலைக்கு 'உயிர் காலேஜ்' என்று பெயர் வைத்தவர்கள் நாம். அந்த உயிர் காலேஜ் 1855இல் தொடங்கியதே எழும்பூர் மியூசிய வளாகத்தில்தான். இரண்டும் ஒரே குடும்பம் என்று நம் ஜனங்களுக்குச் சட்டம் இல்லாமலே தெரிந்திருந்தது.

அப்புறம், எண்ணிக்கை. 1987 கணக்கில் மேல் இரண்டு படிகளிலும் சேர்த்து 737 அருங்காட்சியகங்கள். அந்த ஆண்டுதான் 'போன்றவை'யையும் எண்ணத் தொடங்கினார்கள்; 1,574 கிடைத்தன. 2008இல் 'போன்றவை' மட்டும் 4,527. அதன் பின் வளர்ச்சி நின்றேவிட்டது: அன்றைய மொத்தம் 5,775, 2021இல் 5,771. ஊருக்கு ஊர் வரலாற்றுக் கூடம் கட்டிய காலம் முடிந்து, கட்டியதைப் பராமரிக்க வழி தேடும் காலம் வந்துவிட்டதை இந்த நான்கு எண் வித்தியாசம் காட்டுகிறது என்பது என் கணிப்பு. மொத்தத்தில் பாதிக்கு மேல் வரலாற்று வகையைச் சேர்ந்தவை.

வரையறைச் சண்டை உள்நாட்டோடு முடியவில்லை. 2019இல் உலக அருங்காட்சியக மன்றத்தின் மாநாடு கியோட்டோவில் கூடியது. மியூசியம் என்றால் என்ன என்று புதிதாக எழுதப் பார்த்தார்கள். கொள்கை முழக்கம் போல இருக்கிறது என்று பலர் எதிர்த்தார்கள், வாக்கெடுப்பையே தள்ளிவைத்தார்கள். பிறகு 2022 ஆகஸ்டில் செக் நாட்டுத் தலைநகர் பிராகில் ஒரு வரையறை நிறைவேறியது. அதற்குச் சில மாதம் முன்பே ஜப்பான் தன் சட்டத்தைத் திருத்திவிட்டது. 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளும் பதிவு கேட்கலாம். மியூசியம் யார் கையில் இருக்கிறது என்பதை விட்டு, என்ன செய்கிறது என்று பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். எழுபது ஆண்டு தாமதம், பரவாயில்லை. ஆனால் தேசிய அருங்காட்சியகங்கள் இன்னும் வெளியேதான். பதிவு தருவது மாகாணக் கல்வி வாரியம்; அது மத்திய அரசுக்கே தகுதி பார்ப்பதா என்ற கூச்சமாக இருக்கலாம்!

பழைய சட்டத்தில் ஒரு முறை பதிவு வாங்கினால் புதுப்பிக்க வேண்டியதில்லை. காப்பாட்சியர் ஓய்வுபெற்றுப் போனாலும், சேகரிப்பு தூசி படிந்து கிடந்தாலும், பட்டியலில் பெயர் இருக்கும். இப்போது நிலைமையை அவ்வப்போது மாகாணத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். ஏற்கெனவே பதிவு பெற்றவையும் புதிய அளவுகோலில் மறுபடி தேற வேண்டும். அதற்கு ஐந்து ஆண்டு அவகாசம், 2028 மார்ச்சில் முடிகிறது. அதுவரை வரும் கணக்குகளில் அந்த 911 ஏறினாலும் இறங்கினாலும், எங்கோ புதிய மியூசியம் திறந்தது, பழையது மூடியது என்று உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள். யார் விண்ணப்பம் போட்டார்கள், யார் போடவில்லை என்பதை முதலில் கேளுங்கள்.