தள்ளியதைக் காட்டவில்லையே!

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நூலகர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசிய தமிழாசிரியர் அம்மா அவர்களே, தூறலையும் பொருட்படுத்தாமல் அஸ்தம்பட்டியிலிருந்தும் அம்மாபேட்டையிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசைப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். இத்தனை வேலைக்கு நடுவிலும் நேரம் ஒதுக்கி வந்த தலைவர் ஐயாவுக்கும், மைக் கட்டிக் கொடுத்த தம்பிக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

“எந்தப் படத்தைப் பார்க்கலாம்?” என்பது இன்றைய தலைப்பு. கண்டது கற்கப் பண்டிதன் ஆவான் என்பார்கள். படத்துக்கும் அதுதான். ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு நாலு படம் பாருங்கள், ஒன்று இன்னொன்றைச் சொல்லிக் கொடுக்கும். மூன்று சரடு சொல்கிறேன்: திருடர்கள், இரட்டை வேடம், சின்ன ஊர்.

திருடர்கள் என்றால் சேலத்துக்காரன் வேறு எங்கும் போக வேண்டாம். டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நம் ஏற்காடு சாலையில்தான் இருந்தது. அங்கே எடுத்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, 1956-இல் வந்தது, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். அதற்கு முன்னால் 1950-இல் வந்த ‘மந்திரி குமாரி’யைப் பாருங்கள். கலைஞர் வசனம், எம்.ஜி.ஆர். நடிப்பு. ஆனால் எனக்கு அந்தப் படம் மந்திரியின் மகளாக வந்த மாதுரி தேவியின் படம்.

அதை நான் பார்த்தது ஓமலூர்ப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில், என் அம்மாயி மடியில். மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தோம். கொள்ளைக்காரக் கணவன் ‘வாராய் நீ வாராய்’ என்று பாடியபடி அவளை மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான். தள்ளிவிடப் போகிறான் என்று தெரிந்ததும், சாவதற்கு முன் உங்களை மூன்று முறை சுற்றி வருகிறேன் என்கிறாள். கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு சுற்று. இரண்டாம் சுற்று. அம்மாயி என் தோளை இறுக்கிப் பிடித்து, “தள்ளுடி!” என்று கத்துகிறாள். அந்த நேரம் பார்த்துப் பிலிம் அறுந்தது! விளக்கைப் போட்டார்கள். முறுக்குக்காரர் ஒரு சுற்று வந்து போனார். மறுபடி படம் ஓடும்போது அவன் விழுந்து முடிந்திருந்தான். கிழிந்த துண்டை வெட்டிப் போட்டுவிட்டு மீதியை ஒட்டியிருக்கிறார் ஆபரேட்டர். அம்மாயி எழுந்து நின்று, “தள்ளினதைக் காட்டலையே, காசைத் திருப்பிக் குடு!” என்றாள். பின்னால் இருந்த பெண்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

அந்தக் கதை குண்டலகேசியிலிருந்து வந்தது. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று. இன்று நம் கையில் இருப்பது சில பாடல்கள் மட்டும். மீதி எப்போது, யார் வீட்டுப் பரணில் செல்லரித்துப் போனதோ! ஓலையை விட்டோம், பிலிமையும் விடப் போகிறோமா? தமிழின் முதல் பேசும்படம் என்கிற 1931-ஆம் ஆண்டின் ‘காளிதாஸ்’ இன்று பார்க்கக் கிடைக்காது. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’, 1938, நம் ஊர்க் கம்பெனி எடுத்தது. அந்த வளாகத்தில் இன்று மிஞ்சி நிற்பது முகப்பு வளைவு ஒன்றுதான். பஸ்ஸில் ஏற்காடு போகும்போது பிள்ளைகள் அது என்ன என்று கேட்டால், நாம் என்ன பதில் சொல்கிறோம்?

கண்டது கற்கப் பண்டிதன் ஆவான். கற்பதற்குக் கண்ணில் படவேண்டும் அல்லவா? அதனால்தான் சேலத்துக்கு ஒரு திரைக் காப்பகம் வேண்டும் என்று மேடை மேடையாகக் கேட்கிறேன். பெரிய கட்டடம் வேண்டாம். நூலகத்தில் ஒரு அறை, ஒரு திரை, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய படம். படம் முடிந்ததும் அரை மணி நேரம் பேச்சு.

இரட்டை வேடத்துக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். 1940-இல் பி. யு. சின்னப்பா நடித்த ‘உத்தம புத்திர’னையும் 1958-இல் சிவாஜி நடித்ததையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முன்னது சேலத்துப் படம். சின்ன ஊரைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் ஐயா மன்னிக்க வேண்டும்.

வாசல் மேசையில் மனு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். அப்புறம், உங்கள் வீட்டில் பழைய பாட்டுப் புத்தகமோ நோட்டீஸோ இருந்தால் எடைக்குப் போடாதீர்கள், எடுத்துக்கொண்டு வாருங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.