அடிக்கல்லுக்கு முன் கூரை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"பல்கலைக்கழக வளாகத்துக்கு முதலில் வேண்டியது புதிய கட்டடங்களா, இருக்கும் கட்டடங்களின் சீரமைப்பா?" என்பது தலைப்பு. சீரமைப்பே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று காரணங்களைச் சொன்னார். மாணவர்கள் பெருகிவிட்டார்கள், இடம் போதவில்லை. கொடையாளர்கள் புதிய கட்டடத்துக்குத்தான் பணம் தருகிறார்கள். பழைய கட்டடத்தில் பணம் போடுவது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவது.

பானையிலிருந்தே தொடங்குகிறேன். ஓட்டையை அடைக்கச் சொல்பவர்கள் நாங்கள். அதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொரு பானை வாங்கி வைக்கச் சொல்பவர் அவர்.

நடுவர் அவர்களே, வேலைகளை வரிசைப்படுத்த ஒரு கேள்வி போதும்: இதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? புதிய அரங்கத்தை ஓராண்டு தள்ளிப்போட்டால் சிமெண்டும் கூலியும் ஏறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அரங்கம் வரைபடத்தில் பத்திரமாக இருக்கும். ஒழுகும் கூரை அப்படிக் காத்திருக்காது. மொட்டைமாடியில் தேங்கும் நீர் கான்கிரீட்டுக்குள் இறங்கும்; உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் கான்கிரீட் வெடிக்கும். வெடிப்பின் வழியே இன்னும் நீர் இறங்கும். வடிகால் அடைப்பை எடுத்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசினால் முடிந்திருக்கும் வேலை, தளத்தையே இடித்துப் போடும் வேலையாகிவிடும். அந்தத் தளத்துக்குக் கீழே வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

தள்ளிப்போட்டதன் விலையை ஒரு பல்கலைக்கழகமே உலகுக்குக் காட்டியது. பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம், ரியோ டி ஜெனிரோ கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்துக்கு உரியது. 1818-இல் தொடங்கப்பட்டது. 2018-இல் இருநூறாவது ஆண்டு கொண்டாடினார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதம், தீத்தடுப்புப் பணிகளையும் உள்ளடக்கிய சீரமைப்புக்கு நிதி ஒப்பந்தம் கையெழுத்தானது. பணம் வந்து வேலை தொடங்குவதற்குள், செப்டம்பர் 2-ஆம் தேதி இரவு தீ வந்துவிட்டது. குளிரூட்டும் கருவி ஒன்றில் தொடங்கிய தீ என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. தானாக நீர் தெளிக்கும் அமைப்பு கட்டடத்தில் இல்லை. ஓடி வந்த தீயணைப்பு வீரர்களுக்கு அருகிலிருந்த தீயணைப்புக் குழாய்களிலும் தண்ணீர் கிடைக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு கோடி பொருள்களைக் கொண்ட தொகுப்பில் பெரும்பகுதி சாம்பலானது. பேசுவதற்கு இன்று ஒருவரும் இல்லாத பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகள் அதில் இருந்தன. ஒரு மொழியின் கடைசிக் குரல் எரிந்துபோனது, நடுவர் அவர்களே! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. எந்தப் புதிய கட்டடம் அந்தக் குரலைத் திருப்பித் தரும்?

அடுத்து, கொடையாளர் வாதம். கொடையாளர் கட்டித் தருவார். காலமெல்லாம் பராமரித்துத் தருவாரா? கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட ஆகும் செலவில் 2 முதல் 4 விழுக்காட்டை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1990-இலேயே பரிந்துரைத்தது. கணக்குப் போடுங்கள்: 25 முதல் 50 ஆண்டுகளில் இன்னொரு கட்டடத்தின் விலையைப் பராமரிப்புக்கே கொடுத்திருப்போம். அந்தத் தொகைக்கு வழி சொல்லாத கொடையை ஏற்றால், பழைய விடுதியின் மின்கம்பிகளை மாற்ற வைத்திருந்த பணம்தான் புதியதற்குப் போகும்.

புதியது என்றால் பழுதே வராது என்றும் எண்ண வேண்டாம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், போர்க்காலத்தில் 1943-இல் தற்காலிகமாக எழுப்பிய மரக் கட்டடம் ஒன்று 1998 வரை நின்றது. ரேடார் ஆய்வும் மொழியியலும் அதற்குள் வளர்ந்தன. அதே இடத்தில் 2004-இல் உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் புதிய மையம் திறந்தார்கள். மூன்றே ஆண்டுகளில் நீர்க்கசிவுக்காகக் கழகம் நீதிமன்றம் போனது.

இடம் போதவில்லை என்கிறார்கள். ஒவ்வொரு அறையும் வாரத்தில் எத்தனை மணி நேரம் பயன்படுகிறது, அப்போது எத்தனை இருக்கைகள் நிரம்புகின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்களா? காலைப் பத்து மணிக்கு நெரிசல், பிற்பகல் மூன்று மணிக்குப் பூட்டு. இது கால அட்டவணையின் குறை. எண்ணிய பிறகும் போதவில்லை என்றால் கட்டுங்கள், நாங்கள் தடுக்கவில்லை.

காப்பாற்ற முடியாத கட்டடத்தையும் கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை. தேங்கிக் கிடக்கும் பழுதுகளைச் சரிசெய்ய ஆகும் செலவை, அதே கட்டடத்தைப் புதிதாகக் கட்ட ஆகும் செலவால் வகுத்துப் பார்க்கும் முறை இருக்கிறது. ஐந்து விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்ல நிலை, பத்தைத் தாண்டினால் மோசமான நிலை என்பது பொதுவான வழக்கு. அந்த எண் எங்கோ உயரத்துக்குப் போய்விட்ட கட்டடத்தை இடிக்கலாம். ஆனால் அளந்து பார்த்துவிட்டு இடியுங்கள்.

நடுவர் அவர்களே, வரிசையை முடிவு செய்யும் குழுவில் கட்டடக் கலைஞரும் நிதி அலுவலரும் மட்டும் உட்கார்ந்தால் போதாது. மின்பணியாளரையும், விடுதிக் காப்பாளரையும், சக்கர நாற்காலியில் வந்து படிக்கட்டின் கீழேயே நின்றுவிடும் மாணவியையும் அங்கே உட்கார வையுங்கள். எந்த மூலையில் ஒழுகுகிறது, எந்த சுவிட்சைத் தொட்டால் பொறி பறக்கிறது, எந்த வாசலில் சாய்தளம் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். வேலைப் பட்டியலின் முதல் பக்கத்தை அவர்கள் எழுதட்டும்.

நன்றி, வணக்கம்.