தேநீர் உபசாரம் அடுப்படியில் பிறந்தது

(யாங்கூனில் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

'உலக மக்களின் தேநீர்ப் பழக்கங்கள்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் நாட்டுக்கொரு விநோதம் சொல்லிக் கைதட்டல் வாங்குவது சுலபம். திபெத்தில் தேநீரில் வெண்ணெய் போடுகிறார்கள், ஜப்பானில் கிண்ணத்தைத் திருப்பிப் பிடிக்கிறார்கள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஏன் அப்படி என்று ஒருவர் எழுந்து கேட்டால், 'அது அவர்கள் பண்பாடு' என்பதோடு பேச்சு நின்றுவிடும். எனக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. விருந்தாளிக்கு எத்தனை கோப்பை, யார் ஊற்றுவது, போதும் என்பதை எப்படித் தெரிவிப்பது, இவையெல்லாம் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர் தேயிலையை எப்படிக் காய்ச்சுகிறார் என்பதிலிருந்து வந்தவை. விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்கிறேன்.

முதலில் நம் ஊர் டீக்கடை மேசையையே பாருங்கள். அதில் இரண்டு தேநீர் இருக்கும். ஒன்று நாம் காசு கொடுத்து வாங்கும் பால் தேநீர், லபெட்யே. மற்றொன்று யாரும் கேட்காமலே வந்து நிற்கும் சூடான வெறுந்தேநீர், யேநுவேஜான். பால் தேநீர் ஒரு கோப்பையோடு சரி. வெறுந்தேநீர் தீரத் தீர வரும். அதற்குக் காசில்லை, கணக்குமில்லை. ஒரே செடியின் இலைதான், ஏன் இந்த வேறுபாடு?

வெறுந்தேநீருக்குப் போடுவது ஷான் மலையின் பச்சைத் தேயிலை. கால் லிட்டர் வெந்நீருக்கு இரண்டு கிராம் போதும், ஒரு நல்ல சிட்டிகை. அதே இலையில் மூன்று நான்கு தரம் தண்ணீர் ஊற்றலாம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசக்கும். கொதி அடங்கி 80 டிகிரிக்கு வந்தபின் ஊற்றினால் மணம் நிற்கும். கடைக்காரருக்குச் செலவு வெந்நீர் மட்டும்தான், அதனால் தாராளம். முதல் ஊற்றில் கோப்பையை அலசிக் கொட்டிவிட்டு, அடுத்த ஊற்றைக் குடிக்கிறோமே, அந்தப் பழக்கமும் தண்ணீர் தாராளமாக இருக்கும் இடத்தில்தான் வரும்.

பால் தேநீரின் கதை வேறு. பிரிட்டிஷார் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்களோடு வந்தது இது. சமோசாவும் பராத்தாவும் தோசையும் அதே கடையில் விற்பது தற்செயல் அல்ல. இதன் உயிர் கெட்டிச் சாறு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் தூள் தேயிலை, ஒரு சிட்டிகை உப்பு. கொதி வந்ததும் தீயைத் தணித்து இருபதிலிருந்து முப்பது நிமிடம் வேக வேண்டும். வடிகட்டினால் கறுப்பாக, நாக்கைப் பிடிக்கும் சாறு கிடைக்கும். அதை வெறுமனே குடிக்க முடியாது, குடிக்கவும் வேண்டாம். சர்க்கரை போட்டுச் சுண்டவைத்த டின்பாலும், சர்க்கரையில்லாமல் சுண்டவைத்த எவாப்பரேட்டட் பாலும் சேர்ந்தால், பாலிலுள்ள கேசின் என்ற புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்கிறது. துவர்ப்பு அடங்கும், கனம் நிற்கும். வீட்டில் செய்பவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். ஐந்து நிமிடம் காய்ச்சிய மெல்லிய டிக்காஷனில் டின்பாலை ஊற்றிவிட்டு, 'கடை ருசி வரவில்லையே' என்பார்கள். வராது. டின்பாலில் பாதிக்குச் சற்றே குறைவு சர்க்கரை. மெல்லிய சாறு அதற்கு ஈடு கொடுக்காது, சர்க்கரைப் பால்தான் மிஞ்சும். நீண்ட இலைத் தேயிலையை அரை மணி நேரம் வேகவைப்பது இன்னொரு தவறு. துவர்ப்பு ஏறும், கனம் ஏறாது, காசும் வீண். இதற்குத் தூள்தான் சரி.

வடித்த சாறு ஆறினால் கலங்கிச் சேறு மாதிரி ஆகும். கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள். தேயிலையின் துவர்ப்புச் சத்தும் காஃபினும் சேர்ந்து திரண்டிருக்கின்றன, அவ்வளவுதான், சூடுபண்ணினால் தெளியும். ஆனால் காலையில் வடித்ததை மாலைவரை கொதியிலேயே வைத்திருந்தால் அந்தச் செம்மை போய் மண்நிறம் வரும், ருசி மொண்ணையாகும். அதற்கு மருந்து இல்லை.

இப்போது உபசாரத்துக்கு வருவோம். சாறு ஒரு பாத்திரத்தில், இரண்டு பாலும் இரண்டு பாத்திரத்தில் தனித்தனியாக இருப்பதால், ஒவ்வொரு கோப்பையையும் ஒவ்வொரு விதமாகக் கலக்கலாம். அதிலிருந்துதான் நம் டீக்கடைப் பாஷை பிறந்தது. சோ என்றால் இனிப்பு, சா என்றால் கடுப்பு, செயின் என்றால் பாலின் கொழுமை, போ என்றால் லேசு. சோ செயின், சா செயின், போ சா என்று இரண்டிரண்டாகக் கோத்துச் சொன்னால் தம்பி அங்கிருந்தே குரல் கொடுப்பான், கலக்குபவர் கை தானாக ஓடும். நல்ல இனிப்பும் கடுப்புமாக வேண்டுமென்றால் சௌக்படவுங். போப்பா மலைப் பக்கத்துப் பனைவெல்ல ஊரின் பெயர் அது. பானையிலேயே பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் ஊரில் இத்தனை பெயர் வராது. அங்கே 'சர்க்கரை கம்மி' என்பதற்குமேல் கேட்க வழி கிடையாது.

இதே வித்தையை வேறு ஊர்க்காரர்களும் கண்டுபிடித்திருக்கிறார்கள். துருக்கியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கெட்டில். கீழே வெந்நீர், மேலே கெட்டிச் சாறு, ஆவியிலேயே பதினைந்து இருபது நிமிடம் ஊறும். இடுப்பு ஒடுங்கிய கண்ணாடிக் கோப்பையில் சாறு கொஞ்சம், வெந்நீர் மிச்சம். கண்ணாடி எதற்கு? நிறத்தைப் பார்த்துத்தான் கடுப்பை அளக்கிறார்கள். ரஷ்யாவில் வெந்நீர் கொதிக்கும் சமோவார் என்ற பாத்திரமும் இதே ஏற்பாடு. ஸவார்க்கா என்ற சாற்றில் ஒரு பங்குக்குச் சுமார் பத்துப் பங்கு வெந்நீர். இந்த முறையில் சாறும் தீராது, வெந்நீரும் தீராது. ஆகவே விருந்தாளிதான் நிறுத்த வேண்டும். துருக்கியில் கரண்டியைக் கோப்பையின் வாய்மேல் குறுக்கே வைத்தால் போதும் என்று பொருள். ஜெர்மனியின் வடமேற்கு மூலையில் கிழக்கு ஃப்ரீசியா என்றொரு பகுதி. அங்கே கரண்டியைக் கோப்பைக்குள் போட்டுவிடுவார்கள். அதுவும் மூன்றாவது கோப்பைக்குப் பிறகுதான் மரியாதை. அவர்கள் அடியில் போடுவது பெரிய கற்கண்டு. சுடுதேநீர் பட்டதும் கிறீச்சென்று விரியும், ஆனால் சீக்கிரம் கரையாது. ஒரே கற்கண்டு அடுத்தடுத்த கோப்பைக்கும் இனிப்புத் தரும். கலக்கக் கூடாது என்பது அங்கே சட்டம் மாதிரி. முதலில் பாலேடு, பிறகு கசப்பு, கடைசியில் இனிப்பு.

மூன்று என்ற கணக்கு சஹாராவிலும் உண்டு, ஆனால் காரணம் வேறு. அங்கே சீனத்துக் குண்டுத் தேயிலை. இலையைச் சிறு உருண்டையாகச் சுருட்டி உலர்த்தியது. மொரோக்கோவில் இது பரவலானது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில். இலைமேல் கொஞ்சம் கொதிநீர் ஊற்றி, முதல் சாற்றைத் தனியே எடுத்து வைப்பார்கள். மறுபடி ஊற்றி, குலுக்கி, அந்தக் கலங்கலைக் கொட்டுவார்கள். தூசியும் கசப்பும் அதோடு போகும். பிறகு எடுத்துவைத்ததைத் திரும்பச் சேர்த்து, தண்ணீரும் நிறையச் சர்க்கரையும் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். புதினா கடைசியில், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு. புதினாவைக் கொதிக்கவிட்டால் கறுத்துக் கசக்கும். நம் வீடுகளில் புதினா டீ கெடுவதும் இதனால்தான். உயரத்திலிருந்து ஊற்றி நுரை எழுப்புவது அழகுக்கு மட்டுமல்ல, ஆறவும் சர்க்கரை கலக்கவும்தான். நாம் டீ ஆற்றுவதும் அதற்குத்தானே. சுருட்டிய இலை மெதுவாக விரிவதால் அதே இலையை மூன்று தரம் காய்ச்ச முடியும். முதல் கிளாஸ் கடுப்பு, கடைசி கிளாஸ் லேசு. மூன்றாவதுக்கு முன் எழுந்து போனால் வீட்டுக்காரரை அவமதித்தது ஆகும். இலையில் இன்னும் ருசி இருக்கும்போதே எழுந்துவிட்டீர்களே!

திபெத்துக்குப் போனால் இதற்கு நேர்மாறு. கட்டித் தேயிலையை மணிக்கணக்கில் காய்ச்சிய சாறு, வெண்ணெய், உப்பு மூன்றையும் நீண்ட மரக் குழாயில் ஊற்றிக் கடைவார்கள். ஒரு வாய் குடித்ததும் வீட்டுக்காரர் கோப்பையை நிரப்புவார். மறுபடி ஒரு வாய், மறுபடி நிரப்புவார். மலைக் குளிரில் வெண்ணெய் சீக்கிரம் பிரிந்து மேலே உறையும், உறைந்ததைக் குடிக்க முடியாது. சூடாக மேலூற்றிக்கொண்டே இருந்தால்தான் அது பானம். வேண்டாமென்றால் தொடாமல் வைத்துவிட வேண்டும்; புறப்படும்போது குடித்து முடித்தால் போதும்.

சீனத்தில் ஊலாங் தேயிலையை நுணுக்கமாகக் காய்ச்சுபவர்கள், 100 மில்லி கொள்ளும் சின்னஞ்சிறு பாத்திரத்தில் ஐந்து முதல் ஏழு கிராம் இலை போட்டு, பத்து இருபது விநாடியில் வடித்துவிடுவார்கள். இன்னும் அரை நிமிடம் விட்டால் வாயில் வைக்க முடியாது. கோப்பைக்குக் கைப்பிடி இல்லை. ஆகவே முக்கால் அளவுதான் ஊற்றுவது முறை. விளிம்புவரை ஊற்றினால் விருந்தாளியின் விரல் வேகும். பானையில் தண்ணீர் வேண்டுமென்றால் மூடியைச் சற்றே திறந்து சாய்த்து வைத்தால் கடைக்காரருக்குப் புரியும். ஊற்றுபவருக்கு நன்றியாக விரலால் மேசையைத் தட்டும் பழக்கத்துக்கு மட்டும் அடுப்படியில் காரணம் கிடைக்காது. சியென்லுங் பேரரசர் மாறுவேடத்தில் போய்த் தன் ஏவலருக்கே தேநீர் ஊற்றினார், அவரைக் காட்டிக்கொடுக்காமல் ஏவலர் விரலைத் தட்டி வணங்கினார் என்று ஒரு கதை சொல்வார்கள், கதையாகவே இருக்கட்டும். ஜப்பானில் கிண்ணத்தைத் திருப்பி, அதன் முகப்பில் வாய் வைக்காமல் குடிப்பதும் அப்படித்தான், பணிவு ஒன்றே காரணம். ஆனால் அந்தக் கிண்ணத்தை உடனே, சில மிடறுகளில் குடித்துவிட வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு கிராம் பொடியை 70 மில்லி வெந்நீரில் அடித்துக் கலக்கியது அது, கரைந்ததல்ல. பேசிக்கொண்டிருந்தால் அடியில் படிந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் குடிப்பவர்களின் கதை. நாம் வாழும் இந்த நாடு தேயிலையைத் தின்னும் நாடு. பகான் மன்னர் அலவுங்சித்து தஆங் மக்களுக்குத் தேயிலை விதை கொடுத்தார் என்று அவர்களிடையே ஐதீகம். வட ஷான் மலையில் நம்சான் பக்கம் இன்றும் அவர்கள்தான் கொழுந்து பறிக்கிறார்கள். மழைக்கு முன்பு வரும் முதல் கொழுந்து, ஷ்வேபீ, உயர்ந்த சரக்கு. பறித்த அன்றே ஐந்து நிமிடம்போல் ஆவியில் அவிக்க வேண்டும். இலை கறுப்பதற்குக் காரணமான நொதியை அந்தச் சூடு அடக்கிவிடும். அவிப்பது குறைந்தால் இலை பழுப்பாகும், கூடினால் குழையும். பிறகு மூங்கில் பாயில் போட்டுக் கையால் கசக்கி, குழியிலோ மூங்கில் தொட்டியிலோ அடைத்து, மேலே கனமான கல்லை ஏற்றுவார்கள். காற்று உள்ளே போகாமல் மூன்று நான்கு மாதம் புளிக்க வேண்டும். தயிரைப் புளிக்கவைக்கும் அதே வகைக் கிருமிதான் இங்கேயும் வேலை செய்கிறது. பாரம் குறைந்தால் இடுக்கில் காற்று தங்கும், பூஞ்சணம் பூக்கும்.

இப்படிப் புளித்த தேயிலைதான் லபெட். உப்பும் எண்ணெயும் சேர்க்காத லபெட் வாங்கினால், வீட்டில் கால் கிலோவை வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று தரம் கசக்கிப் பிழியுங்கள். காம்பைக் கிள்ளி எறியுங்கள். இடித்து, உப்பு, தட்டிய பூண்டு, எலுமிச்சைச் சாறு சேர்த்து, இலை மினுங்கும் அளவுக்குக் கடலை எண்ணெய் ஊற்றி ஓர் இரவு வையுங்கள். பிழியாமல் விட்டால் புளிப்பும் கசப்பும் மேலோங்கும்; எண்ணெய் குறைந்தால் மேல்பகுதி காய்ந்து கறுக்கும். முட்டைக்கோசும் தக்காளியும் போட்டுக் கிளறுவதென்றால், வறுத்த மொச்சை, வேர்க்கடலை, எள், பூண்டு இவற்றைப் பரிமாறும் கணத்தில்தான் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் காய்கறி விட்ட தண்ணீரில் நமுத்துப்போகும். இதில் வழக்கமாகப் போடும் காய்ந்த இறாலை மாமிசம் தவிர்ப்பவர்கள் விட்டுவிடலாம், ருசி குறையாது. இரவில் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். இலையையே தின்பதால் காஃபின் முழுதாக இறங்கும். பரீட்சைக்கு விழித்திருப்பவர்கள் இதைத் தேடுவது அதனால்தான்.

நிறத்தையும் பாருங்கள். நல்ல லபெட் மங்கிய ஆலிவ் பச்சை. பளிச்சென்ற மஞ்சள் பச்சையாக இருந்தால் வாங்க வேண்டாம். ஆரமின்-ஓ என்ற துணிச் சாயம் கலந்ததால் 2009-இல் சுகாதார அமைச்சு பல முத்திரைகளைத் தடை செய்தது நினைவிருக்கும்.

அறை அறையாகப் பிரித்த அரக்குப் பெட்டியில், நடுவில் லபெட்டும் சுற்றிலும் வறுவல்களும் வைத்து விருந்தாளிக்கு நீட்டுகிறார்கள். பழைய பர்மிய வழக்கில், பிணக்குத் தீர்ந்தவர்கள் இருவரும் லபெட் தின்றால் தீர்ப்புக்கு உடன்பட்டார்கள் என்று அர்த்தமாக இருந்தது. பால் தேநீர் இந்த வேலைக்கு உதவாது. அதற்கு அடுப்பு வேண்டும், அரை மணி வேண்டும், ஆளுக்கொரு கோப்பை வேண்டும். லபெட் எப்போதும் தயார். ஒரே பெட்டியில் இருவர் கையும் போகும்.

விழா நடத்துபவர்களுக்கு ஒரு கணக்கு. நூறு பேருக்குப் பால் தேநீர் என்றால் பத்து லிட்டர் தண்ணீர், 400 கிராம் தூள். வற்றியதும் தூள் குடித்ததும் போக எட்டு லிட்டர் சாறு வரும், ஆளுக்கு 80 மில்லி. டின்பால் ஆளுக்கு 30 மில்லி. 397 கிராம் டின்னில் பத்து. எவாப்பரேட்டட் பாலும் ஆளுக்கு அதே 30 மில்லி; அது டின்பாலைவிட இளக்கம் என்பதால் எட்டு டின் போதும். மூன்றையும் அண்டாவில் ஒன்றாகக் கலந்து வைக்காதீர்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு டின்பால் இல்லாமல் கலக்க வேண்டும். சாறு மட்டும் அடுப்பில் இளஞ்சூட்டில் இருக்கட்டும். கலக்க ஒருவர், ஆற்ற ஒருவர், கோப்பை அலச இருவர் என்று ஆள் வைத்துக்கொள்ளுங்கள். அலசுவதற்கு ஆள் குறைந்தால்தான் வரிசை நிற்கும்.