அறிக்கையை ஆலை வாசலில் ஒட்டுங்கள்

(தேசியப் பாதுகாப்பு தினத்தை ஒட்டி, சாத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, அலுவலக வேலைக்கு நடுவில் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் துணை வட்டாட்சியர் அவர்களே, தீயணைப்பு நிலைய அலுவலர் அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிட்ட தம்பி அவர்களே, பட்டாசு ஆலைகளிலும் தீப்பெட்டி ஆலைகளிலும் வேலை முடித்து, வீட்டில் உலை வைக்காமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆலை உரிமையாளர்கள் சார்பில் மேடையில் இருக்கும் அண்ணாச்சிக்குத் தனியாக ஒரு வணக்கம் சொல்ல வேண்டும். இந்தப் பந்தலும் மைக் செட்டும் அவர் உபயம். அவர் பந்தலில் நின்றுகொண்டு அவருக்குப் பிடிக்காததைத்தான் பேசுவேன் என்று தெரிந்தும் கொடுத்திருக்கிறார். மைக் நடுவில் நின்றுபோனால் நான் தப்பாக நினைக்க மாட்டேன். தீயணைப்பு அலுவலர் ஐயா எனக்குத் துண்டு போர்த்தினார். இந்தப் பகுதியில் ஒரு சத்தம் கேட்டால் நாமெல்லாம் வெளியே ஓடுகிறோம், அவர் உள்ளே ஓடுகிறார். அவருக்கு நான்தான் போர்த்தியிருக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அழைப்பிதழில் மூன்று தலைப்பு போட்டிருக்கிறார்கள். தொழில்களைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் எப்படி வந்தன, அவை ஏன் மீறப்படுகின்றன, பொருள் வாங்குகிறவர்களின் பொறுப்பு என்ன. மூன்றையும் பேச முயல்கிறேன்.

சட்டங்கள் எப்படி வந்தன என்பதற்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இந்தப் பழமொழி இல்லாமல் எனக்குப் பேச வராது என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் வரலாற்றைப் பாருங்கள். 1863இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பலர் செத்தார்கள். அடுத்த ஆண்டே வங்காளத்தில் கொதிகலன்களைச் சோதிக்கச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வர 1923 ஆனது. 1984 டிசம்பரில் போபால் விஷவாயுக் கசிவு. அதன் பிறகு 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான தொழில்களுக்கென்றே தனி அத்தியாயம். இப்போது 2025இல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தார்கள். சாவுச் செய்தி வந்த பிறகு மருந்தை எடுத்துச் சோதித்தால், அதில் 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு. பாதி மருந்து, பாதி விஷம். சோதிக்கிற கூடம் நம்மிடம் இருந்தது, சோதிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். மாதிரியை எப்போது எடுத்தோம் என்பதுதான் கேள்வி.

போபாலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கே யூனியன் கார்பைடு கம்பெனியின் பூச்சிமருந்து ஆலையில், மெத்தில் ஐசோசயனேட் என்ற திரவம் தொட்டியில் இருந்தது. அதைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய இயந்திரத்தைச் செலவு மிச்சம் என்று மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். கசியும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரத்துக்குப் போகும் குழாய் கழற்றிக் கிடந்தது. தொட்டிக்குள் தண்ணீர் போனது, இரவோடு இரவாக ஏறத்தாழ 40 டன் வாயு ஊருக்குள் வந்தது. மத்தியப் பிரதேச அரசு ஒப்புக்கொண்ட கணக்கே 3,787 சாவுகள். அது மிகக் குறைவு என்று அந்த ஊர் மக்கள் இன்றுவரை சொல்கிறார்கள்.

யாருக்கும் முன்னால் தெரியாதா? தெரியும். 1982 மே மாதமே அந்தக் கம்பெனியின் அமெரிக்கப் பாதுகாப்புக் குழு வந்து ஆலையைச் சுற்றிப் பார்த்து, குறைகளைப் பட்டியல் போட்டு அறிக்கை கொடுத்தது. ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் அதே ஆண்டிலிருந்து, இந்த ஊர் எரிமலை மேல் உட்கார்ந்திருக்கிறது என்ற பொருளில் எழுதிக்கொண்டே இருந்தார். ஆனால் ஆலைச் சுவருக்கு வெளியே குடியிருந்தவர்களுக்கு உள்ளே இருப்பது என்ன வாயு, கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே நடந்திருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். அவர்கள் காற்றோடு சேர்ந்து ஓடினார்கள். மருத்துவமனை டாக்டர்களுக்கே எந்த நஞ்சுக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்று தெரியாது.

அந்த அறிக்கை கோப்புக்குள் இருந்தது. ஒரு ஈரத்துணியின் விலை என்ன?

அடுத்து, ஏன் மீறப்படுகிறது. இதற்கு நான் ஒரு கதை சொல்ல வேண்டும். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், பரவாயில்லை.

பள்ளிப் படிப்பு முடித்த கையோடு ஒரு பட்டாசு ஆலையில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். எந்த ஆலை என்று சொல்ல மாட்டேன், இப்போது அது இல்லை. தீபாவளிக்கு முந்தைய மாதங்கள். ரூமுக்கு நாலு பேர் என்பது விதி. எங்களிடம் எட்டுப் பேர், பத்துப் பேர். ரூமில் இடம் பற்றாமல் வேப்ப மரத்தடியில் சாக்கு விரித்துப் பெண்கள் திரி வைத்துக்கொண்டிருப்பார்கள். குரோஸ் கணக்கில், அதாவது 144 எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கூலி. கை எவ்வளவு வேகமோ அவ்வளவு காசு.

ஒருநாள் காலையில், ஆலைகளை ஆய்வு செய்கிற ஆபீசர் வருகிறார் என்று போன் வந்தது. ஃபோர்மேன் வெளியே வந்து, "ஆபீசர் வர்றார்!" என்று ஒரு சத்தம் போட்டார். அவ்வளவுதான். மரத்தடிச் சாக்கெல்லாம் மாயமாய் மறைந்தது. ரூமுக்கு நாலு பேரை நிறுத்திவிட்டு மீதிப் பெண்களை எல்லாம் பின்வாசல் வழியாக அனுப்பினார்கள். எங்கே? ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அய்யனார் கோயிலுக்கு. "சத்தம் போடாம உக்காந்திருங்க, ஜீப்பு போனதும் ஆள் அனுப்புறேன்."

அய்யனார் என்ன நினைத்தாரோ தெரியவில்லை, ஆபீசர் வந்த ஜீப்பு நேராக அந்தக் கோயில் வாசலில் வந்து நின்றது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. டிரைவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போகிறார். ஆபீசர் காலாற இறங்கி நடந்தால், மண்டபம் முழுக்கப் பெண்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அவர் சாதுவான மனிதர். "என்னம்மா, இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

முன்னால் ஒரு பாட்டி. பட்டென்று சொன்னார், "பொங்கல் வைக்க வந்தோம்யா."

"அடுப்பைக் காணோமே?"

"அரிசி வந்துக்கிட்டு இருக்குய்யா. வந்ததும் அடுப்புக் கூட்டிருவோம்."

ஆபீசர் அவர் கையைப் பார்த்தார். வெடிமருந்தில் கலக்கிற அலுமினியப் பவுடர். முழங்கை வரைக்கும் பளபள என்று இருக்கிறது. "கையெல்லாம் ஏம்மா இப்படி மின்னுது?"

பாட்டி அசரவே இல்லை. "சாமிக்கு வெள்ளிக் காப்பு சாத்துனோம்யா, ஒட்டிக்கிருச்சு."

நீங்கள் இப்போது சிரிக்கிற மாதிரிதான் அந்த ஆபீசரும் சிரித்தார். கிளம்பப் போனவரைப் பாட்டி கூப்பிட்டார். "ஐயா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஆலையைப் பாக்கணும்னா வெரசாப் பாத்துட்டுக் கெளம்புங்க. அரைநாள் கூலி போச்சு. மத்தியானமாவது நாங்க கைவேலையைப் பாக்கணும்."

இதை நான் பல மேடையில் சொல்லியிருக்கிறேன், எல்லா இடத்திலும் சிரிப்பு வரும். ஆனால் அந்தப் பாட்டி கடைசியில் சொன்னதை யோசியுங்கள். தன் உயிரைக் காப்பாற்ற அரசாங்கம் சம்பளம் கொடுத்து அனுப்பிய ஆள், தன் கூலியில் மண் போட வந்தவராகத்தான் அவருக்குத் தெரிந்தார். அது அவர் குற்றமா? அந்த ஆபீசர் எதற்கு வருகிறார், என்ன பார்க்கிறார், என்ன எழுதுகிறார் என்று ஒருநாளாவது அவருக்கு யாராவது சொல்லியிருக்கிறோமா?

கதை முடியவில்லை. ஆபீசர் ஆலைக்கு வந்தார், டீ குடிக்கவில்லை, சுற்றிப் பார்த்தார், போய்விட்டார். சில வாரம் கழித்துப் பழுப்புக் கவரில் அறிக்கை வந்தது. பிரித்தது நான்தான். பாட்டியின் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனாரே, அந்த மனிதர் ஒன்றையும் விடவில்லை. ரூமில் ஆள் அதிகம். மரத்தடியில் வேலை நடந்த தடயம். கலந்த வெடிமருந்து அளவுக்கு மேல் இருப்பு. மருந்துக் கழிவை அன்றன்று அப்புறப்படுத்தவில்லை. எல்லாம் சுத்தமான ஆங்கிலத்தில். முதலாளி வாங்கிப் படித்தார், மடித்தார், இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். அந்தத் தாளில் எழுதியிருந்தது யாரைப் பற்றி? மரத்தடிப் பெண்களைப் பற்றி. அவர்களில் ஒருவர்கூட அதைப் பார்த்ததில்லை.

கட்டுப்பாடு என்றாலே உரிமம், அபராதம், சீல் என்றுதான் பேசுகிறார்கள். மத்திய வெடிபொருள் துறை தருகிற நாக்பூர் உரிமமா, சென்னை உரிமமா, மாவட்ட வருவாய் அலுவலர் தருகிற டிஆர்ஓ உரிமமா என்று இங்கே டீக்கடையில்கூடத் தெரியும். ஆனால் 2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசி பக்கத்து முதலிப்பட்டியில் வெடித்ததே, விதிமீறலுக்காக உரிமம் நிறுத்தி வைக்கப்பட்ட ஆலை அது. ஆனாலும் உள்ளே வேலை நடந்தது. 38 பேர் போனார்கள். அதில் பலர் அந்த ஆலைத் தொழிலாளர்களே இல்லை. முதல் சத்தம் கேட்டு, காப்பாற்றலாம் என்று ஓடிப்போன சுற்றுவட்டாரத்து மக்கள். உள்ளே இன்னும் எவ்வளவு சரக்கு இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொன்னது? உரிமத்தை நிறுத்திய தாள் ஆலை வாசலில் தமிழில் ஒட்டியிருந்தால் அன்று காலையில் எத்தனை பேர் உள்ளே போயிருப்பார்கள்?

2021 பிப்ரவரி 12, நம் சாத்தூர் பக்கத்து அச்சங்குளம் பட்டாசு ஆலை. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அங்கே பேச்சு உள்குத்தகையைப் பற்றி. உரிமம் ஒருவர் பெயரில், ரூம்களை நடத்துவது வேறு ஆட்கள். வேலைக்குப் போகிற பெண்ணுக்குத் தன் முதலாளி யார் என்றே தெரியாது. விபத்துக்குப் பிறகு சிறப்புக் குழு, தீவிர ஆய்வு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், வேறென்ன.

அண்ணாச்சி என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும், ஏற்கனவே காரில் வரும்போது சொல்லிவிட்டார். "ஒழுங்காகத் தொழில் செய்கிறவனையும் சேர்த்து அலைய விடுகிறார்கள்." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ரூமுக்கு நாலு பேர் வைத்து, மருந்தை அளவாகக் கலந்து, கழிவை அன்றன்று அழித்துத் தொழில் செய்கிறவருக்குச் செலவு அதிகம். மரத்தடியில் செய்கிறவர் அதே வெடியை விலை குறைத்து விற்கிறார். ஆய்வே இல்லாவிட்டால் முதலில் கடையைச் சாத்துவது யார்? அண்ணாச்சி மாதிரி ஆட்கள்தான். அதனால் இந்தச் சட்டம் அவருக்கும் காவல்.

பின்வரிசையில் ஒரு தம்பி "மாமூல்" என்று சத்தம் கொடுத்தார். கேட்டது, தம்பி. அதற்கும் நான் சொல்வதே மருந்து. ஆபீசர் எழுதியதை எல்லோரும் படிக்க முடிந்தால், எழுதாமல் விட்டதும் தெரிந்துபோகும். மரத்தடியில் உட்கார்ந்து திரி வைக்கிற பெண், "மரத்தடியில் வேலை நடக்கவில்லை" என்று வாசலில் ஒட்டியிருப்பதைப் படித்தால் சும்மா இருப்பாரா? அந்தப் பாட்டியாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

இது நான் புதிதாகக் கேட்கிற சலுகை இல்லை. 1987 திருத்தத்தில் 41-பி என்று ஒரு பிரிவு வந்தது. அபாயகரமான தொழில் நடத்துகிறவர் அதிலுள்ள ஆபத்துகளையும், அதைத் தடுக்கும் வழிகளையும் தொழிலாளர்களுக்கும், உள்ளாட்சிக்கும், சுற்றிக் குடியிருக்கும் மக்களுக்கும் சொல்லியாக வேண்டும். போபாலில் செத்தவர்கள் நமக்கு வாங்கிக் கொடுத்த பிரிவு அது. தொழிலாளர் சட்டங்களைச் சேர்த்துப் புதிய தொகுப்பு கொண்டுவந்தபோதும் இந்தக் கடமையை எடுக்கவில்லை. ஊராட்சித் தலைவர் அம்மா, "உள்ளாட்சிக்கும்" என்றால் உங்களுக்கு. கேட்கிற உரிமை உங்கள் கையில் இருக்கிறது. ஆய்வு அறிக்கை வேண்டும் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி யாரும் மனுப் போடலாம். ஆனால் ஆலை வேலைக்குப் போகிற அம்மா எத்தனை மனுப் போட முடியும்? அதனால்தான் கேட்கிறேன், தேடிப் போய் வாங்குகிற தாளாக அது இருக்கக் கூடாது. ஆய்வு முடிந்தால் அறிக்கையின் சுருக்கம் தமிழில், பெரிய எழுத்தில், ஆலை வாசலில் இருக்க வேண்டும். எந்தத் தேதியில் பார்த்தார்கள், என்ன குறை, எந்தத் தேதிக்குள் சரிசெய்யச் சொன்னார்கள், செய்தார்களா. இந்த நாலு வரி போதும்.

மூன்றாவது தலைப்பு, பொருள் வாங்குகிறவர்களின் பொறுப்பு. தலைவர் ஐயா துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். அது பெரிய விஷயம், இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். அதற்கும் அண்ணாச்சியே பந்தல் போடுவார் என்று நம்புகிறேன்.

வருகிற மார்ச் 22ஆம் தேதி கிராம சபை இருக்கிறது. தண்ணீர், தெருவிளக்கு எல்லாம் பேசுங்கள், அதோடு இந்தத் தீர்மானத்தையும் வையுங்கள். நம் ஊராட்சி எல்லைக்குள் இருக்கிற ஒவ்வொரு பட்டாசு ஆலையும், தீப்பெட்டி ஆலையும் கடைசி ஆய்வு அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை வாசலில் ஒட்ட வேண்டும், ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு பிரதி தர வேண்டும் என்று. வாசகம் நானே எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், பந்தல் வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்துக்கு ஒரு இடம் காலியாக விட்டிருக்கிறேன், அண்ணாச்சி. நீங்கள் போட்டால் மற்ற ஆலைக்காரர்களும் யோசிப்பார்கள். மற்றவர்கள் வரிசையில் வாருங்கள். கையெழுத்து வராதவர்கள் கைநாட்டு வையுங்கள், மை டப்பா இருக்கிறது. அப்புறம் டீ குடிக்கலாம். வணக்கம்.